சாவுக்கு ஓடும், கல்யாணத்துக்கு நின்னுடும்

உங்க வண்டியும் அப்படித்தானா சார்? ஒரு நேரம் ஜில்லுங்குது, ஒரு நேரம் அனல் அடிக்குது, இல்ல? வாங்க, இப்படி உக்காருங்க. இது ஏதோ ஒரு பழைய வேனோட பின் சீட்டு, கழட்டி இங்க போட்டு வெச்சிருக்கான். அந்தாண்ட உக்காராதீங்க, ஸ்பிரிங் குத்தும். அது நம்ப இடம். எந்த ஸ்பிரிங் எப்ப குத்தும்னு எனக்கு அத்துப்படி.

தயாளன் பாத்துடுவான். அதோ, உங்க பானெட்டுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறானே, அவன்தான். என் மச்சினன். எங்க வீட்டுக்காரியோட கூடப் பொறந்த தம்பி. இந்தக் குடியாத்தத்துல கார் ஏசின்னா அவனுக்கு அப்புறம்தான் அடுத்த ஆளு. மச்சினன்றதால சொல்லல, வெளிய விசாரிச்சுப் பாருங்க. நான் சொன்னா ரவ ஜாஸ்தியாத்தான் சொல்லுவேன், அது வேற விஷயம்.

நான் இங்க வேலை செய்யறவன் இல்ல சார். கஸ்டமரும் இல்ல. பேரு ஏகாம்பரம். பஜார்ல வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், சேர், சாமியானா, எல்லாம் நம்பகிட்ட கிடைக்கும். இப்ப ஆடி மாசம், முகூர்த்தம் கிடையாது, எங்க தொழிலுக்கு லீவு. அண்டாவெல்லாம் கவுந்து கிடக்குது. நான் ஒண்டிதான் நிமுந்து உக்காந்திருக்கேன், இங்க.

ஏன் இங்கன்னு கேக்கறீங்களா? அவன் இந்தக் கடையில எங்கிட்ட ஒரு வார்த்தை பேசி ஒன்றரை மாசம் ஆகுது. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க தெரு அம்மனுக்குக் கூழ் ஊத்தறாங்க. வருஷா வருஷம் கூழ் கிண்டறது தயாளன்தான். குடும்பத்தோட காலையிலயே வந்துடுவான். இந்த வருஷம் வருவானான்னு எங்க வீட்டுக்காரி குமுதா தெனமும் வாசலப் பாக்கறா, அப்புறம் என்னைப் பாக்கறா. அவ என்னைப் பாக்கற பார்வைக்கு அந்த ஸ்பிரிங்கே தேவலாம். அவன் வரணும் சார். அதுக்குத்தான் இந்தத் தவம்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு ஏசி. சொல்றேன், உங்க வண்டிக்கும் உதவும்.

நம்ப வண்டிக்கு இருபத்தொரு வயசு. வெள்ளை. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் வெச்சிருந்தாங்க. ஆனா ஏசி இருக்கே, பச்சைத் தண்ணி கணக்கா இருக்கும். தயாளன் வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் பாத்துக் குடுப்பான், அவ்வளவுதான். போன மாசி வரைக்கும் ஒரு குறை கிடையாது. சனியன் மாசியில பிடிச்சுது. சனியன்னு சொல்லக் கூடாது, எனக்குப் பதவி வந்தது.

மாசி பொறந்ததும் எங்க தொழில்காரங்க சங்கத்துல தலைவர் தேர்தல். எனக்கு எதுத்து நின்னவரு சேர் வாடகைக்கு விடற கோதண்டபாணி. நல்ல மனுஷன், ஆனா மைக்கைக் கையில குடுத்தா திருப்பி வாங்க ஆள் அனுப்பணும். அந்த ஒரே காரணத்துக்காக எனக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க. இது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப நான் என்ன நெனச்சேன், முப்பது வருஷ சேவைக்குக் கிடைச்ச மரியாதைன்னு நெனச்சேன். அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பான்னு சொல்லுவாங்க. நான் பட்டப் பகல்ல பலகை மாட்டினேன்.

ஆமா சார், பலகை. வண்டிக்கு முன்னாடி மாட்டறது. போர்டு எழுதற மணவாளன்கிட்ட போயி அடக்கமா ஒரு சின்னப் பலகை போதும்பான்னேன். அவன் பேரை எழுதிக் காட்டுங்கன்னான். எழுதினேன். குடியாத்தம் வட்ட வாடகைப் பாத்திரம், சாமியானா, நாற்காலி மற்றும் ஒலி ஒளி அமைப்பாளர்கள் நலச் சங்கம். அதுக்குக் கீழ, தலைவர். அவன் படிச்சுட்டு, "சின்னப் பலகையில எழுதினா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்ணே, நீங்க தலைவருன்னு ஒருத்தருக்கும் தெரியாது"ன்னான். அது ஒரு தொழில்காரன் சொல்ற நியாயம்தானே? அதனால மூணரை அடி அகலம், ஒரு அடிக்கு மேல உயரம். சேப்புத் தகடு, பொன் எழுத்து. எங்க சங்கத்துக்குப் பேரு நீளம், பதவிதான் குட்டை.

மாட்டற விதமும் நானே யோசிச்சுப் பண்ணேன். பம்பர்ல ரெண்டு கொக்கி. அரை நிமிஷத்துல மாட்டலாம், அரை நிமிஷத்துல கழட்டலாம். ஏன்னா எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு சார். கலெக்டர் வண்டியப் பாத்திருப்பீங்க, அவரு உள்ள இல்லன்னா பலகைக்கு உறை போட்டுடுவாங்க. எங்க பையன் வண்டிய எடுத்தா நான் பலகையக் கழட்டிடுவேன். பதவி எனக்குத்தானே, அவனுக்கு இல்லையே. சாவு வீட்டுக்குப் போனா கழட்டிடுவேன். துக்கத்துல போயி தலைவருன்னு காட்டினா நல்லாவா இருக்கும்? கல்யாணம், காது குத்து, கடைத் தொறப்பு, இதுக்கெல்லாம் கண்டிப்பா மாட்டுவேன். அங்க காட்டலன்னா அப்புறம் எங்க காட்டறது?

பங்குனியில பேரணாம்பட்டுல ஒரு கல்யாணம். நானும் குமுதாவும் போறோம். பஜார் தாண்டறதுக்குள்ள ஏசி நின்னுடுச்சு. காத்து வருது, ஆனா சட்டியில வறுத்த காத்து. ஊருக்கு வெளிய போயி வேகமா போனா கொஞ்சம் குளுருது. மறுபடி ஊருக்குள்ள பூந்தா அனல். நேரா மறுநாள் தயாளன்கிட்ட கொண்டாந்தேன். இவன் மீட்டரை காத்து வர்ற எடத்துல சொருகிப் பாக்கறான், எட்டு டிகிரி காட்டுது. "நல்லாத்தானே இருக்கு மாமா"ங்கறான். எனக்கு அவமானமாப் போச்சு. டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி.

இப்படியே நாலு தடவை. தயாளன் சலிச்சுக்கவே இல்ல சார். கேஸ் லீக் இருக்கான்னு சோப்புத் தண்ணி வெச்சுப் பாத்தான். உள்ள இருக்கிற கூலிங் காயிலைக் கழட்டிக் கழுவினான். ரிலேன்னு ஒண்ணு இருக்காம், தீப்பெட்டி சைசுல, அதை மாத்தினான். ரெண்டு நாள் வண்டிய அவனே வெச்சுக்கிட்டு வேலூர் வரைக்கும் ஓட்டிப் பாத்தான். ஜில்லுனு போயி ஜில்லுனு வந்தான். எங்க பையன் எடுத்துட்டுப் போனா போர்வை கேக்கற அளவுக்குக் குளுருதாம். எங்கூட ஒண்டி மல்லுக்கட்டுது.

எனக்கு ஒரு நாள் ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. தயாளன்கிட்ட வந்து மெதுவா சொன்னேன், மாப்ள, இது சாவுக்கு ஓடுது, கல்யாணத்துக்கு நின்னுடுதுன்னு. அவன் சிரிக்கல. உக்காந்து யோசிச்சான். கல்யாணத்துக்கு எத்தனை பேர் ஏறுவீங்க, டிக்கியில பாத்திரம் ஏத்துவீங்களா, எந்த ரோட்டுல போவீங்க, வண்டி ஹீட் ஏறுதா, எல்லாம் கேட்டான். ஹீட் எனக்குத்தான் ஏறுதுன்னேன். அவன் கேட்ட கேள்வி அத்தனையும் சரியான கேள்வி சார். கல்யாணத்துக்குப் போறப்ப வண்டிக்கு முன்னாடி என்ன மாட்டுவீங்கன்னு கேக்கணும்னு எந்த மெக்கானிக்குக்குத் தோணும்?

குமுதா எலுமிச்சம்பழம் வாங்கி நாலு சக்கரத்துக்கும் வெச்சா. நசுக்கிட்டு நேரா ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். தெருமுனை தாண்டல, நின்னுடுச்சு.

அவன் பலகையப் பாக்கவே இல்லையான்னு கேப்பீங்க. எல்லாரும் இந்த எடத்துல அதைத்தான் கேக்கறாங்க. பாக்கல சார். எங்க வீட்டுல மாட்டியிருக்கறப்ப பாத்திருப்பான், கூடத்துல ஆணியில தொங்கும். வண்டியில மாட்டிப் பாத்ததில்ல. ஏன்னா நான் இந்தக் கடைக்கு வர்றப்ப பலகைய மாட்ட மாட்டேன். மச்சினன் கடைக்குத் தலைவரா போகக் கூடாது, மாமனாத்தான் போகணும். உறவுக்குள்ள பதவியக் காட்டறது அசிங்கம். அந்த அடக்கம் எனக்கு எப்பவும் உண்டு. என் வாழ்க்கையில நான் அடக்கமா வந்த ஒரே எடம் இதுதான், அதுவும் இப்படி ஆகிப்போச்சு.

ஒரு நாள் தயாளன் சொன்னான், "அடுத்த வாட்டி நிக்கறப்ப அப்படியே ஓட்டிக்கிட்டு வந்துடுங்க மாமா, எஞ்சினை அணைக்காதீங்க. நின்ன நிலையில நான் பாக்கணும்." ரொம்பச் சரியான யோசனை. மறுநாளே நின்னுச்சு, ஒரு ஜவுளிக் கடைத் தொறப்புக்குப் போறப்ப. விடல நான். ரிப்பன் வெட்டறதையே விட்டுட்டு இங்க வண்டியத் திருப்பினேன். அதோ அந்தத் தெருமுனை வரைக்கும் அனல் அடிக்குது. எஞ்சினை அணைக்கல சார், அவன் சொன்ன மாதிரியே. அந்த முனையில நிறுத்தி, எறங்கி, பலகையக் கழட்டி, துணியில சுத்தி, டிக்கியில வெச்சேன். மூஞ்சியத் தொடச்சேன். தலை சீவினேன். அப்புறம் மெதுவா வந்து இங்க நிறுத்தினேன். ஜில்லுனு வருது. "இப்பதான்டா நின்னுச்சு"ன்னு நான் சத்தியம் பண்றேன். அவன் கைய வெச்சுப் பாத்துட்டு, "சரிங்க மாமா, நான் நம்பறேன்"னான்.

அவன் நம்பினான் பாருங்க. அதைச் சொல்லணும்.

அப்புறம்தான் கம்ப்ரசர்ல லேசா சத்தம் வருது, அது சூடாகி நிக்குதோ என்னவோ, மாத்திப் பாக்கலாம்னான். எங்க வீட்டுல வெச்சுத்தான் பேசினான். எனக்கு அப்ப சங்கத்துலேருந்து போன், சாமியானா வாடகைய ஏத்தலாமா வேணாமான்னு அரை மணி நேரமா ஓடுது. போனைக் காதுல வெச்சுக்கிட்டே அவனுக்குத் தலைய ஆட்டினேன். அவன் மாத்தினான். ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. அந்த ரெண்டு வாரம் முகூர்த்தம் இல்ல.

வைகாசி கடைசி முகூர்த்தம். எங்க சங்கத்துப் பொருளாளர் வீட்டுக் கல்யாணம், நான்தான் வாழ்த்துரை. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. மண்டபத்துக்கு முன்னாடி ஒரே நெரிசல், கால் மணி நேரம் வண்டி நகரல. ஏசி செத்துப் போச்சு. கண்ணாடிய எறக்கிடுங்கன்னு குமுதா சொல்றா. தலைவரு கண்ணாடிய எறக்கிட்டு வந்தா ஏசி இல்லாத வண்டின்னு சொல்ல மாட்டாங்களா? எறக்கல. மண்டப வாசல்ல எறங்கினேன், அவ்வளவுதான் தெரியும். மாப்பிள்ளை ரூம்ல படுக்க வெச்சு மூணு பேரு தாம்பூலத் தட்டால விசிறிக்கிட்டு இருக்காங்க. வாழ்த்துரை கோதண்டபாணி பண்ணாரு. முக்கால் மணி நேரம் பண்ணாராம். ஜனம் என்னைத்தான் திட்டிச்சாம்.

மறுநாள் கோவத்துல வேலூர்ல வேற ஒருத்தர்கிட்ட வண்டியக் காட்டினேன். அவரு எட்டிப் பாத்துட்டு, "இது புது கம்ப்ரசர் இல்லீங்களே, ஓடினதை ரெடி பண்ணிப் போட்டிருக்காங்க"ன்னாரு. என் காதுல அது எப்படி விழுந்திருக்கும்னு பாத்துக்குங்க. முந்தின நாள் ரூம்ல படுத்துக் கிடந்தவன் நான். அங்கேருந்து நேரா இங்க வந்தேன். கடையில நாலு பேரு இருந்தாங்க. தயாளன்கிட்ட கொஞ்சம் சத்தமா பேசிட்டேன். அவன் கையில இருந்த ஸ்பேனரை எடுத்த எடத்துல வெச்சான், வெச்சுட்டு உள்ள போயிட்டான். நானும் போயிட்டேன்.

அந்த நாலு பேருல ஒருத்தரு ஞானமூர்த்தி, டிராவல்ஸ் வெச்சிருக்கிறவரு. மறுவாரம் அவரு மூணு வண்டியையும் வேற கடைக்கு மாத்திட்டாரு. ஊருக்குள்ள பேச்சு கிளம்பிடுச்சு, சொந்த மாமனுக்கே பழச மாட்டிட்டானாம்னு. ஞாயித்துக்கிழமைன்னா தயாளன் எங்க வீட்டுக்கு வந்து அவங்க அக்கா கையால சாப்பிடுவான், இருபது வருஷப் பழக்கம். அது நின்னு போச்சு.

அப்புறம் பத்து நாள் கழிச்சு நடந்ததைக் கேளுங்க. வேலூர் போயிட்டு வர்றேன், ரோட்டுல போலீஸ் நிறுத்தினாங்க. ஒரு எஸ்.ஐ. வந்து குனிஞ்சு பலகையப் படிச்சாரு. சத்தமா, முழுசா படிச்சாரு. ஒலி ஒளி அமைப்பாளர்கள் வரைக்கும் வர்றதுக்குள்ள எனக்குப் பின்னாடி ஏழெட்டு வண்டி நின்னுடுச்சு. "இதெல்லாம் மாட்டக் கூடாதுங்க, கழட்டி உள்ள வெச்சுட்டுப் போங்க"ன்னு மரியாதையாத்தான் சொன்னாரு. கழட்டி டிக்கியில வெச்சேன். அங்கேருந்து வீடு வரைக்கும் ஏசி, ஊட்டிதான் சார். நான் என்ன முடிவு பண்ணேன் தெரியுமா? வேலூர் மெக்கானிக்கு கை வெச்ச ராசின்னு முடிவு பண்ணேன். அவரு தொட்டுக்கூடப் பாக்கல, எட்டித்தான் பாத்தாரு. வீட்டுக்கு வந்து நாலு பேருக்குப் போன் போட்டு அதைச் சொல்லவும் சொன்னேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் கூடத்தைக் கட்டினவனையே கோணல்னுட்டேன்.

மறுநாள் காலையில ஒரு காது குத்து. பழக்க தோஷம், பலகைய மாட்டினேன். ஊருக்குள்ளதானே, போலீஸ் இல்லையே. பஜார்ல ஏசி நின்னுடுச்சு. முந்தின நாள் பலகையக் கழட்டினப்புறம் குளுந்ததைச் சொல்லியிருந்தேன்ல, குமுதா முன்னாடி எட்டிப் பாத்தா. அப்புறம், "பலகையக் கழட்டுங்க"ன்னா. எதுக்குன்னேன். கழட்டுங்கன்னா. கழட்டினேன். ரெண்டு நிமிஷத்துல குளுருது. "மாட்டுங்க"ன்னா. மாட்டினேன். கொஞ்ச நேரத்துல அனல். இப்படி மூணு தடவை, நடு பஜார்ல, பட்டு வேட்டியோட நான் மாட்டறேன், கழட்டறேன். ஜனம் கூடிடுச்சு, ஏதோ சங்கத்துல போராட்டம்னு நெனச்சுக்கிட்டு.

விஷயம் ஒண்ணும் பெரிசு இல்ல சார். வண்டி மூஞ்சியில கம்பி வலை மாதிரி ஜாலி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி கண்டென்சர்னு ஒண்ணு. அதுக்குக் காத்து படணும், பட்டாத்தான் சூட்டை வெளிய தள்ளும். காத்து இல்லன்னா சூடு ஏறி, கம்ப்ரசர் தன்னைத் தானே காப்பாத்திக்க நின்னுடும். மூணரை அடி பலகைய முகத்துல மாட்டினா அது எப்படி மூச்சு விடும்?

குமுதா வண்டியில உக்காந்தபடியே சொன்னா, "என் தம்பி திருடன் இல்ல. உங்க பேருதான் குறுக்க நின்னுருக்கு." அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. கம்ப்ரசர் மாத்தறதுக்கு முன்னாடி அவன் எங்கிட்ட தெளிவாச் சொன்னானாம், புதுசு போட்டா இந்த வண்டிக்கு வீண் மாமா, ரெடி பண்ணதே நல்லதா பாத்துப் போடறேன்னு. "நான் பக்கத்துல இருந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க. தலைய ஆட்டினீங்க." அப்படின்னா. எறங்கி ஷேர் ஆட்டோவுல வீட்டுக்குப் போயிட்டா. நான் ஒண்டியா ஏசி போட்டுக்கிட்டு வந்தேன். அன்னிக்கு அடிச்ச குளிரு மாதிரி எனக்கு எப்பவும் அடிச்சதில்ல.

அன்னிக்கு சாயங்காலமே ஆப்பிள் வாங்கிக்கிட்டு தயாளன் வீட்டுக்குப் போனேன். தப்பு நடந்து போச்சு மாப்ளன்னேன். "பரவால்ல விடுங்க மாமா"ன்னான். காப்பி குடுத்தான். அவன் சம்சாரம் என் எதிர்லயே வரல. ஞாயித்துக்கிழமை வருவான்னு குமுதா கறி வாங்கி வெச்சா. வரல. அடுத்த ஞாயிறும் வரல. நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேனே, இன்னும் என்னவாம்னு குமுதாகிட்ட கேட்டேன். அவ சொன்னா, "கடையில நாலு பேரு முன்னால சொன்னதை அவன் வீட்டுல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே திருப்பி எடுத்தா, எடுத்த மாதிரியா?"

நியாயம்தானே? எங்க கொட்டினோமோ அங்கதானே அள்ளணும். ஆடி பொறந்த அன்னிக்கு வந்து இந்த சீட்டுல உக்காந்தேன். வர்ற கஸ்டமர் எல்லார்கிட்டயும் இதைச் சொல்றேன். என் மேலதான் தப்பு, தயாளன் மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்றேன். நீங்க பதினோராவது ஆளு. ஞானமூர்த்திய நானே போயிக் கூட்டியாந்து உக்கார வெச்சுச் சொன்னேன். மனுஷன் சிரிச்ச சிரிப்புல டீ புரையேறிப்போச்சு. பலகைய ஒரு தடவை மாட்டிக் காட்டுங்கன்னாரு. வண்டிங்க ஒண்ணும் திரும்பி வரல. ஏன்னு எனக்குப் புரியல. கதைய நல்லா ரசிச்சாரு. எல்லாரும் ரசிக்கறாங்க. ஒருத்தரு தன் வீட்டுக்காரம்மாவையும் கூட்டியாந்து கேக்க வெச்சாரு. எலுமிச்சம்பழத்துக்கு ஒரு சிரிப்பு, மாப்பிள்ளை ரூமுக்கு ஒரு சிரிப்பு. குமுதாதான், "அங்கயும் போயி ஒரு மேடை போட்டுட்டீங்களா"ன்னு கேட்டா. அவளுக்கு எப்பவும் என்னைக் குறை சொல்லணும்.

பலகையா? கூடத்துலதான் தொங்குது. வண்டிக்குப் பின்னாடி மாட்டலாமான்னு பாத்தேன், நம்பரை மறைக்குது.

என்ன மாப்ள?

கொஞ்சம் இருங்க சார். அவன் ஏதோ சொல்றான். எங்கிட்டயா சொல்றே?

இந்தக் கடையில அவன் எங்கிட்ட வாயத் தொறக்கறது ஒன்றரை மாசத்துல இதான் முதல் வாட்டி சார். சொல்லு தயாளா. சொல்லு. மீட்டரை கீழ வெச்சுட்டே சொல்லு.

கேட்டீங்களா சார், என்ன சொல்றான்னு? "பதினோரு பேர்கிட்ட பலகைக் கதைய சொல்லிட்டீங்க மாமா. முன்னாடி வந்த பத்து பேரும் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு என்னைப் பாத்து என்ன சொன்னீங்கன்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?" அப்படிங்கறான்.

சொன்னேனே மாப்ள. இப்பகூட இவருகிட்ட சொன்னேனே, கொஞ்சம் சத்தமா பேசிட்டேன்னு. சார், சொன்னேன்ல?

சத்தத்தைப் பத்திக் கேக்கலயாம் அவன், சொன்ன வார்த்தையக் கேக்கறானாம்.

சரி.

தண்ணி இருக்குதா சார் உங்ககிட்ட? வேணாம், இருக்கட்டும். குடிச்சா அந்தச் சாக்குல பேச்ச மாத்திடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இதோ, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்கு முன்னாடிதான் நின்னேன். அவன் இந்த மாதிரியே ஒரு வண்டிக்குள்ள குனிஞ்சிருந்தான். நான் சொன்னது இதுதான் சார். "என் வீட்டுச் சோத்தத் தின்னு ஆளானவன், என் வண்டியிலயே கை வெச்சுட்டியேடா திருட்டுப் பயலே." இப்படிச் சொன்னேன். ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி. கடைசியில நின்னவங்களுக்குக் கேக்கலயோன்னு ரெண்டாவது வாட்டி.

சோறு போட்டது நெசம் சார். இவன் ஐ.டி.ஐ. படிக்கறப்ப ரெண்டு வருஷம் எங்க வீட்டுல இருந்தான். அக்கா வீடு, வேற எங்க இருப்பான்? அந்த ரெண்டு வருஷம் ஒரு முகூர்த்தம் விடாம எங்க கடை அண்டாவ டெம்போவுல ஏத்தினதும் இவன், எறக்கினதும் இவன். ராவெல்லாம் மண்டபத்துல கிடந்து எண்ணி எடுத்துக்கிட்டு வந்து, குளிச்சுட்டு நேரா கிளாசுக்குப் போவான். ஒரு வாட்டி அம்பது படி அண்டா கால்ல விழுந்து கட்டை விரல் நகம் பேந்துடுச்சு. இப்பவும் செருப்பைக் கழட்டச் சொல்லிப் பாருங்க, அந்த நகம் கோணலாத்தான் இருக்கும். வேற ஆளு வெச்சிருந்தா கூலி குடுத்திருப்பேன். இவனுக்கு ஒரு நாளும் குடுத்ததில்ல. குடுக்கணும்னு தோணவும் இல்ல. வீட்டுல சாப்பிடறான்ல, அதுக்கு இதுன்னு விட்டுட்டேன். அவன் என் சோத்தத் தின்னல சார். அவன் சம்பாதிச்ச சோத்த அவன் தின்னான். பக்கத்துல உக்காந்து நானும் தின்னேன்.

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. குமுதாகிட்டகூடச் சொன்னதில்ல. சொல்லணும்னு தெரியாம இல்ல. பலகைக் கதைய சொன்னா நான் கோமாளி, அவ்வளவுதான், கோமாளியா இருக்கறது சுலபம். இதைச் சொன்னா நான் யாருன்னு தெரிஞ்சு போயிடும். எனக்கு வெக்கமா இருக்கு சார். நெசமாவே வெக்கமா இருக்கு.

அவன் பாருங்க, மறுபடி குனிஞ்சுட்டான்.

உங்களைத்தான் கூப்பிடறான் சார். வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசி போடச் சொல்றான், போங்க. பத்து பேரு சிரிச்சுட்டுப் போனாங்க, நீங்க ஒண்டிதான் சிரிக்காம எழுந்து போறீங்க. அதோ, இன்னொரு வண்டி உள்ள வருது. அவரு வந்து உக்காரட்டும். அவருகிட்ட இந்தச் சோத்துலேருந்து ஆரம்பிக்கறேன்.